கோப்பு யாருடையது? வீட்டுக் கணினியும் மென்பொருள் தேர்வும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. வீட்டுப் பயனர்களுக்குச் சில நிபந்தனைகளோடு ஓராண்டு நீட்டிப்பு உண்டு, அதற்குமேல் இல்லை. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; இன்டெல் ப்ராசஸராக இருந்தால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்தது 2017-ல். அதற்குமுன் ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினிகளும், தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தவையும் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், கௌரிவாக்கம், மாடம்பாக்கம் வீடுகளில் இப்படிப்பட்ட கணினிகள் இன்னும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. பென்ஷன் கணக்கு, பிள்ளைகளின் ப்ராஜெக்ட், குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகப் படங்கள் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன.

ஆகவே ஒரு கேள்வி வீடு வீடாக எழுகிறது. புதுக் கணினி வாங்குவதா, புதுப்பிப்பு இல்லாத விண்டோஸிலேயே காலம் தள்ளுவதா, லினக்ஸுக்கு மாறுவதா? கேள்வி நியாயமானது. ஆனால் இயங்குதளத்தில் தொடங்குவதால் அது திசைமாறிப் போகிறது. வீட்டில் கணினி வைத்திருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தன் கோப்புகளை. பத்து ஆண்டு கழித்து, வேறொரு கணினியில், யாரிடமும் அனுமதி கேட்காமல் அவற்றைத் திறக்க முடியுமா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற முடிவுகள் பெரும்பாலும் தாமாகவே வந்துவிடும் என்பது என் துணிபு.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு மென்பொருளின் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று உரிமத்திலேயே எழுதிக்கொடுத்தால் அது திறந்த மூல மென்பொருள். அந்த உரிமைகளை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டு, பயன்படுத்த மட்டும் அனுமதி தந்தால் அது தனியுரிம மென்பொருள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் குனு திட்டத்தை அறிவித்தார். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து முழு இயங்குதளமாயிற்று. இன்று சுத்தமாக ஒரே பக்கம் நிற்கும் வீடு எதுவுமில்லை. விண்டோஸ் வைத்திருப்பவர் விஎல்சி-யில் படம் பார்க்கிறார். லினக்ஸ் பெயரையே கேட்டிராத பாட்டியின் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் லினக்ஸ் கருதான் இருக்கிறது. எனவே தேர்வு ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக நடக்கிறது; வீடு முழுவதற்கும் ஒரே நாளில் நடப்பதில்லை.

இந்த விவகாரத்தில் நம் பகுதிக்கென்று ஒரு வரலாறு உண்டு. அது பலருக்கும் தெரியாமல் போனது எனக்கு வருத்தம். பக்கத்திலுள்ள குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2005-ல் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைச் சென்னையிலுள்ள மத்திய அரசு ஆய்வு நிறுவனமான சி-டாக்கிடமும் இந்த ஏயூ-கேபிசி மையத்திடமும் ஒப்படைத்தது. அதன் விளைவாக அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் பாடத்திட்டத்தில் திறந்த மூல மென்பொருள் விருப்பப் பாடமாக நுழைந்தது. சென்னை சி-டாக், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ லினக்ஸை உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்குவதே அதன் நோக்கம். ஏறக்குறைய அதே காலத்தில் சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநராக இருந்த எல்காட் என்ற தமிழக அரசு நிறுவனம், தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாற்றிக் காட்டியது.

பிறகு 2011 செப்டம்பர் 15-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் ஒரு திறந்த மூல இயங்குதளம் ஒரு பைசா செலவில்லாமல் வந்து சேர்ந்தது என்றால் அது சின்ன விஷயமா? ஆனால் ஏதோ கோளாறு என்று முதல் தடவை சர்வீஸ் கடைக்குப் போன மடிக்கணினி, ‘ஃபார்மேட்’ போடப்பட்டு விண்டோஸ் மட்டும் உள்ளதாகத் திரும்பி வந்தது. கடைக்காரரைக் குறை சொல்வதில் பயனில்லை. அவருக்கு யாரும் லினக்ஸ் கற்றுத்தரவில்லை; வாடிக்கையாளரும் கேட்கவில்லை. இயங்குதளத்தைக் கொடுத்த அரசு, அதைப் பழுதுபார்க்கவும் சொல்லித்தரவும் ஊரில் ஆள் வேண்டுமே என்பதை நினைக்கவில்லை.

கேரளம் வேறு வழியில் போனது. 2001-ல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் பள்ளிக் கணினிக் கல்வியைப் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது; 2017-ல் அது ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாயிற்று. அங்கே முதலில் தயாரானவர்கள் ஆசிரியர்கள். பள்ளியில் அந்த மென்பொருளிலேயே பாடம், அதிலேயே தேர்வு. ஒரு பையன் வீட்டில் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுக்கொண்டால், சந்தேகம் கேட்கப் பள்ளியிலேயே ஆள் இருந்தது. நம் மாநிலத்தில் 2018-ல் வந்த புதிய பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூல் ஓப்பன் ஆபிஸ் ரைட்டரையும் உபுண்டுவையும் அறிமுகப்படுத்தியது, நல்ல முயற்சி. அடுத்த ஆண்டு வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலோ அடோபி பேஜ்மேக்கரைக் கற்பித்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 2001-ல் வந்தது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் எழுதிய தமிழ் அந்த மென்பொருளுக்குத் தெரியாது.

பேஜ்மேக்கர் ஏன் 2019 வரை உயிரோடிருந்தது என்று கேட்டால், தமிழர்களுக்கே உரிய ஒரு பெரிய பாடம் கிடைக்கும். தனியுரிமப் பூட்டு என்றால் என்ன என்பதை அமெரிக்க உதாரணங்களை வைத்து விளக்க வேண்டியதில்லை. நம் வீட்டு அலமாரியில் உள்ள சிடிக்களே போதும்.

1990-களில் தமிழ்க் கணினி எழுத்துருக்களைச் செய்த ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு குறியீட்டு முறையை வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலானவை ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் நான்கு ஆங்கில எழுத்துகளும் இடையில் ஓர் அரைப்புள்ளியும்தான் தெரியும். வானவில், ஸ்ரீலிபி என்று அச்சகத்துக்கு அச்சகம் முறை மாறியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு தாம், தாப் என்ற குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. யூனிகோடில் 1991-லேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியீட்டு முறையையும் தரமாக ஏற்றது 2010-ல்தான். அச்சகங்கள் அதற்குப் பிறகும் மாறவில்லை. அவர்கள் கையிலிருந்த பேஜ்மேக்கரால் யூனிகோடைக் காட்ட முடியாது என்பது முக்கியக் காரணம்.

விளைவு வீடுகளில் தெரிகிறது. தாத்தா காசு கொடுத்துத் தட்டச்சு செய்யவைத்த குடும்ப வரலாறு, ஊர்க் கோயில் தலபுராணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதிவைத்த கட்டுரைகள் எல்லாம் கோப்பாக இருக்கின்றன. திறந்தால் படிக்க முடியவில்லை. தேடினால் ஒரு சொல்லும் கிடைக்காது. இரண்டு பூட்டுகள் சேர்ந்து இதைச் செய்தன: எழுத்துரு நிறுவனத்தின் தனிக் குறியீடு ஒன்று, பேஜ்மேக்கரின் தனிக் கோப்பு வடிவம் இன்னொன்று.

இந்தப் பூட்டுகளைத் திறக்க முன்வந்தவர்களில் தன்னார்வலர்கள் அதிகம். முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்த ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பைத்தான் நிரலகம் பழைய குறியீடுகளை யூனிகோடுக்கு மாற்றித் தருகிறது. மூலநிரல் எல்லார்க்கும் திறந்திருக்கிறது. ‘தமிழா’ குழுவின் இ-கலப்பை ஆயிரக்கணக்கானோருக்கு யூனிகோடு தமிழைத் தட்டச்சு செய்யப் பழக்கியது. இந்த இடத்தில் நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980-களிலேயே தொடங்கிய முரசு அஞ்சல் தனியுரிம மென்பொருள்தான். மேக் கணினிக்குள் தமிழ் உள்ளீடு இயல்பாக வந்ததற்கு அவருடைய உழைப்பே காரணம். நியூ ஹொரைசன் மீடியா விலையில்லாமல் கொடுத்த என்எச்எம் ரைட்டரும் திறந்த மூலம் கிடையாது. அது செய்த தொண்டு பெரிது. தனியுரிம மென்பொருள் எழுதியவர்களைத் தமிழ் மறக்க முடியாது. ஆனால் எழுதியவர் கைவிட்டால் அதை அடுத்தவர் எடுத்து வளர்க்க வழியில்லை. தொண்டு தொடர்வது அவருடைய ஆயுளையும் ஆர்வத்தையும் பொறுத்தது என்றாகிறது.

இன்றைய நிலை அன்றைவிட மிக நல்லது. தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரலகம் ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபிஸ் எல்லாவற்றுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. நூல் பக்கம் வடிவமைக்கும் திறந்த மூலச் செயலியான ஸ்க்ரைபஸின் 2024-ல் வந்த 1.6 பதிப்பில் தமிழ் போன்ற சிக்கலான எழுத்து முறைகளுக்கு ஆதரவு உண்டு. உபுண்டுவிலோ மின்ட் என்ற இன்னொரு லினக்ஸிலோ ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்கச் சில நிமிடம் போதும்.

அலுவலகக் கோப்புகளுக்கு வருவோம். லிப்ரே ஆபிஸ் 2010-ல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து வந்தது. அதன் இயல்பான கோப்பு வடிவமான ஓடிஎஃப் 2006 முதல் ஐஎஸ்ஓ தரம். எந்த நிறுவனம் போனாலும் அதன் இலக்கணம் பொதுவில் இருக்கும். வேர்டு கோப்பை இதில் திறந்தால் பக்கம் கலைகிறது என்பது உண்மையான குறைதான். பாதிக் குறை எழுத்துருவால் வருவது: கலிப்ரிக்குப் பதில் அதே அகல அளவுள்ள கார்லிட்டோவையும், கேம்ப்ரியாவுக்குப் பதில் கலாடியாவையும் நிறுவிவிட்டால் வரிகள் பெருமளவு அதே இடத்தில் நிற்கும். மீதிப் பாதி இருக்கவே செய்யும். கல்லூரிக்கு அனுப்பும் ப்ராஜெக்டை பிடிஎஃப் ஆக்கி அனுப்புவது நல்லது. தினமும் வேர்டு கோப்பை ஆள் மாற்றி ஆள் திருத்தும் வேலையில் இருப்பவர் மைக்ரோசாஃப்ட் ஆபிஸையே வைத்துக்கொள்ளட்டும்.

வேறு எங்கெல்லாம் தனியுரிமம் தவிர்க்க முடியாதது? வீட்டிலிருந்தே கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு டேலி வேண்டும். அது விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. வருமான வரித் துறையின் எக்செல் மேக்ரோ படிவம் லிப்ரே ஆபிஸில் ஒழுங்காக ஓடும் என்று நம்பக் கூடாது. உலாவியில் நேரடியாகத் தாக்கல் செய்வதற்கு எந்த இயங்குதளமும் போதும். தேர்வுகளுக்குப் பயன்படும் சேஃப் எக்ஸாம் பிரவுசர் தானே திறந்த மூல மென்பொருள். இருந்தும் அது லினக்ஸில் ஓடாது. வாலரன்ட் விளையாடும் பையன் வீட்டில் இருந்தால் விண்டோஸ் இருந்தே தீரும்.

அச்சு இயந்திரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஜெராக்ஸ் கடைகளிலும் வீடுகளிலும் உழைத்து உழைத்தே பெயர் வாங்கிய கேனன் எல்பிபி 2900-ஐ லினக்ஸில் இயக்குவது இன்றும் பெரும்பாடு. அது பேசும் தனி மொழியை நிறுவனம் பொதுவில் வைக்காததே காரணம். ஆர்வலர்கள் உளவறிந்து எழுதிய இயக்கி ஒன்று இருக்கிறது, எல்லார்க்கும் அது கைகொடுப்பதில்லை. ஹெச்பி தன் இயக்கியைத் திறந்த மூலமாகவே தருவதால் அதன் பெரும்பாலான அச்சுப்பொறிகள் செருகியதும் வேலை செய்கின்றன. ஸ்டால்மன் இந்தப் பாதைக்கு வந்ததே ஓர் அச்சு இயந்திரத்தால்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி தாள் சிக்கிய ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூலநிரலைக் கேட்டபோது அவருக்கு மறுக்கப்பட்டது. பழுது என்ன என்று தெரிந்தும் சரிசெய்ய அனுமதி இல்லாத நிலை அது.

விலையைப் பற்றிப் பேசும்போது நம் ஊரில் ஒரு பொய்க் கணக்கு குறுக்கிடுகிறது. விண்டோஸும் ஆபிஸும் ஃபோட்டோஷாப்பும் ‘சும்மா’ கிடைப்பவை என்று பலர் நினைக்கிறார்கள், கடையில் கிராக் செய்து போட்டுக் கொடுத்ததால். பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று அறிந்தே மென்பொருளைப் பயன்படுத்துவது குற்றம். குறைந்தபட்சம் ஏழு நாள் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. சட்டத்தைவிட நடைமுறை ஆபத்து பெரிது. உரிமப் பூட்டை உடைக்கும் நிரலை ஓட்ட முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். வங்கிக் கணக்கு பார்க்கும் அதே கணினியில் முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்கு முழு அதிகாரம் கொடுக்கிறோம். நேர்மையான ஒப்பீடு காசு கொடுத்து வாங்கிய விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இடையில்தான் நடக்க வேண்டும்.

உரிமத்தில் இன்னொரு விஷயம் நம் பகுதிக்கு நெருக்கமானது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரமும் மூழ்கின. கணினியோடு சேர்ந்து வரும் ஓஇஎம் விண்டோஸ் உரிமம் அந்த மதர்போர்டோடு கட்டப்பட்டது. போர்டு போனால் உரிமமும் போயிற்று. காசு கொடுத்த பொருள் தண்ணீரில் போனது மழையால். அதை மறுபடி நிறுவும் உரிமை போனது ஒப்பந்தத்தால்.

பாதுகாப்பில் எந்தப் பக்கமும் மார்தட்ட முடியாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் தாக்கியபோது விழுந்தவை மார்ச்சிலேயே வந்திருந்த விண்டோஸ் புதுப்பிப்பைப் போடாத கணினிகள். 2014-ல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டை திறந்த மூலமான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறு கருவிக்குள் ஒருவர் திட்டமிட்டுப் புகுத்திய கள்ளவாசலை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று அவர் துருவியதும், துருவ மூலநிரல் கையிலிருந்ததும் சேர்ந்துதான் அது பிடிபட்டது. வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: புதுப்பிப்பு வருகிற மென்பொருளை வைத்திருங்கள். லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு, அதுவும் மைக்ரோசாஃப்ட் ஒதுக்கிய பழைய கணினிகளில்.

‘நம் ஊர்’ மென்பொருளைப் பயன்படுத்தினால் போதாதா என்று சமீபகாலமாகச் சிலர் கேட்கிறார்கள். கூடுவாஞ்சேரிப் பக்கம் பெரிய வளாகம் வைத்திருக்கும் ஸோஹோவைப் பற்றி எனக்கும் பெருமை உண்டு. ஆனால் ஸோஹோ ரைட்டர் தனியுரிம மென்பொருள். கோப்பு அவர்களுடைய சர்வரில் இருக்கிறது. அது கூகுள் டாக்ஸோடு ஒப்பிட வேண்டியது. உள்ளூர் நிறுவனம் என்பதால் நாளை விலையை ஏற்றும் உரிமையோ சேவையை நிறுத்தும் உரிமையோ அவர்களுக்கு இல்லாமல் போகாது. எதைப் பயன்படுத்தினாலும் மாதம் ஒருமுறை கோப்புகளை இறக்கி வீட்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்வது அவசியம்.

மறுபடியும் ஆள் விஷயத்துக்கே வர வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, ஆயிரக்கணக்கான கணினிகளை மாற்றி, 2017-ல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. ஒரு நகராட்சிக்கே தடுமாற்றம் என்றால், சேலையூரில் தனியாக இருக்கும் 70 வயது ஓய்வூதியருக்கு? பிள்ளை பெங்களூரில் இருக்கிறான். பக்கத்துத் தெரு கடைக்காரருக்கு விண்டோஸ்தான் தெரியும். அந்த ஓய்வூதியர் உலாவி, மின்னஞ்சல், யூடியூப் மட்டுமே பார்ப்பவரானால் லினக்ஸ் மின்ட் அவருக்கு விண்டோஸைவிடத் தொல்லை குறைந்தது. ஆனால் அதை நிறுவித் தருபவர் ஆறு மாதம் கழித்தும் போனை எடுப்பவராக இருக்க வேண்டும். இதற்கான கூட்டம் சென்னையில் உண்டு. 1990-களின் இறுதியிலிருந்து இயங்கும் சென்னை லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகள் ஐஐடி வளாகத்தில் மாதந்தோறும் கூடியது. காஞ்சிபுரம், விழுப்புரம் குழுக்களும் இருக்கின்றன. த. சீனிவாசன் முன்னெடுத்து 2012-ல் தொடங்கிய ‘கணியம்’ லினக்ஸையும் நிரலாக்கத்தையும் எளிய தமிழில் எழுதி வருகிறது. தாம்பரம் மாநகராட்சிப் பகுதி நூலகங்களில் மாதம் ஒரு சனிக்கிழமை இத்தகைய ஆர்வலர்களை உட்காரவைத்தால், குரோம்பேட்டையில் 2005-ல் தொடங்கிய வேலை வீடுகளுக்கு வந்து சேரும். சர்வீஸ் கடைக்காரர்களையும் அதில் கூப்பிட வேண்டும். அவர்களுக்கு இது வருமானம்.

மாற நினைப்பவர் செயலிகளில் தொடங்கட்டும். இப்போதிருக்கும் விண்டோஸிலேயே லிப்ரே ஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி, படங்களுக்கு கிம்ப் ஆகியவற்றை நிறுவிச் சில மாதம் புழங்கிப் பார்க்கலாம். பழைய தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி ஓடிஎஃப்பாகவும் பிடிஎஃப்பாகவும் சேமித்துவிட வேண்டும். நான் இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன், ஏனென்றால் பழைய எழுத்துரு உள்ள கணினி செத்தபிறகு வேலை இரட்டிப்பாகும். அடுத்து மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல், அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, அச்சுப்பொறி தாளைத் தள்ளுகிறதா, தமிழ்99-ல் எழுத்து விழுகிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தெரிந்துவிடும். எல்லாம் சரியென்றால் நிறுவலாம். டேலியோ எல்பிபி 2900-ஓ இருக்கிற வீட்டில் விண்டோஸை நீக்காமல் இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு, இணையம், வங்கி வேலைகளை மட்டும் மின்ட்டுக்கு நகர்த்தலாம். விண்டோஸ் 10 பக்கத்தை இணையத்தோடு இணைக்காமல் விட்டுவிடலாம்.